எட்டு ஒன்றான கதை

ஹோபார்ட்டிலிருந்த அந்த மென்பொருள் குழு எந்த வேலையையும் நாட்களில் கணக்கிடாது; புள்ளிகளில்தான். நுழைவுப் பக்கம் செய்த வேலை எட்டு என்று சுவரில் ஓர் அட்டை இருந்தது. மற்ற வேலைகளை அதோடு ஒப்பிட்டு, ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எண் எழுதிய சீட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

பழைய படகுப் பதிவுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றும் வேலைக்கு நால்வர் எட்டு காட்டினார்கள். நெரிடா நாற்பது காட்டினாள்.

"என்ன நெரிடா, படகையே கட்டித் தரப் போறியா?" என்றான் லாக்லன்.

"பாதிப் பதிவுல சொந்தக்காரன் பேரே இல்லப்பா. ஒவ்வொண்ணா தேடணும்."

மறுபடி தூக்கினார்கள். ஐந்து பேர் கையிலும் நாற்பது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் சொன்ன கணக்கு எடுபட்டது.

மேலாளர் கிரெய்க் தலையைச் சொறிந்தார். "முப்பதாம் தேதிக்குள்ள பத்து புள்ளி வேலைதான் முடியும்னு நீங்கதானே சொன்னீங்க? தேதிய நான் மேல சொல்லிட்டேனே!"

எழுந்துபோய், அட்டையில் எட்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார்.

"இப்ப உங்க நாற்பது வெறும் அஞ்சுதானே?"

கணக்கு என்னவோ சரிதான்.

அடுத்த வேலையை அவர் படித்து முடிப்பதற்குள் ஐந்து பேரும் ஐந்து என்ற சீட்டைத் தூக்கியிருந்தார்கள். முதலில் தூக்கியவள் நெரிடா.