கோச்சைத் தூக்கிய சனிக்கிழமைகள்

அணி தொடர்ந்து பதினோராவது ஆட்டத்தில் தோற்ற சனிக்கிழமை, ஆட்டம் முடிய ஏழு நிமிடம் இருக்கையில், பயிற்சியாளர் தரையை விட்டு ஒன்றரை அடி மேலே போனார். அரை மணி நேரமாகக் கிழக்கு கேலரியில் பதினாலாயிரம் பேர் "கோச்சைத் தூக்கு! கோச்சைத் தூக்கு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி. மைதானம் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பழைய ரசிகர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. "பத்தொன்பதை இறக்கு" என்று இரண்டு சீசனாகக் கத்தியதில், பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த பத்தொன்பதாம் எண் ஆட்டக்காரர் ஏற்கெனவே கணுக்கால் வரை மண்ணுக்குள் இறங்கியிருந்தார். நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பயிற்சியாளர் கோடு போட்ட கட்டத்தைத் தாண்டக் கூடாது என்று இருந்ததே தவிர, உயரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆட்டம் தொடர்ந்தது, இன்னொரு கோலும் வாங்கினார்கள்.

முதலில் கத்தியவர் மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் கூறுபவர். தக்காளி லாரியின் இந்தப் பக்கம் நின்று பேசினால் அந்தப் பக்கத்துச் சுமைக்காரர் திரும்பிப் பார்க்கும் குரல் அவருக்கு. பயிற்சியாளர் வேறு யாருமல்ல, அவருடைய கூடப்பிறந்த தங்கையின் கணவர். மாப்பிள்ளை நல்லவர், அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் பந்து முன்னால் போனால் அவருக்குப் பொறுக்காது. ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தி, பந்தைக் கோல்கீப்பரிடமே திருப்பித் திருப்பித் தரச் சொல்வார். முன்னால் தன்னந்தனியாக நின்ற ஆட்டக்காரர், பொழுது போகாமல் எதிரணிக் கோல்கீப்பர்களோடு பேசிப் பேசி, அவர்கள் பிள்ளைகளின் பரீட்சை மார்க் வரை தெரிந்துவைத்திருந்தார். இதையெல்லாம் காசு கொடுத்துப் பார்த்த ஏலக்காரருக்கு வயிறு எரிந்தது, உறவு கண்ணுக்குத் தெரியவில்லை. கிளப் தலைவரோ, "நம்ம கிளப்ல மேல போற ஒரே ஆள் அவருதான், அவரை எப்படிங்க அனுப்புறது?" என்று கேட்டுவிட்டார்.

அடுத்தடுத்த வாரங்களில் உயரம் கூடியது. முதலில் ஆட்டம் முடிந்ததும் இறங்கிவிடுவார், பிறகு திங்கட்கிழமை வரை ஆனது, அப்புறம் இறங்கவே இல்லை. தங்கை அவரைத் துணி காயப்போடும் கயிற்றில் கட்டி வீட்டுக்கு இழுத்துவந்தாள், சாப்பாட்டுத் தட்டை நாற்காலி மேல் ஏறி நீட்டினாள், ஒட்டடை அடிக்கும் வேலை மிச்சம் என்று வெளியே சிரித்துச் சொல்லிக்கொண்டாள். பயிற்சியாளர் கூரையில் பென்சிலால் வியூகம் வரைந்தார். எல்லா அம்புக்குறிகளும் பின்னால்தான் போயின.

இதற்குள் ஒரு சங்கடம் முளைத்தது: அணி ஜெயிக்கத் தொடங்கியது. முப்பது அடி உயரத்திலிருந்து பயிற்சியாளர் சொல்வது ஆட்டக்காரர்கள் காதில் விழவில்லை. காதில் விழாததால் அவர்கள் பந்தை முன்னால் உதைத்தார்கள். கேலரி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இன்னும் பலமாகத் தூக்கியது. கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே முதல் பிரிவில் நீடிக்கலாம் என்று வந்தபோது, தங்கை அண்ணனைத் தேடிச் சந்தைக்கே வந்தாள்.

"அண்ணே, போன வாரம் விளக்குக் கம்பத்தைத் தாண்டிட்டாரு. கயிறு இன்னும் நாலு முழம்தான் இருக்கு. நீ ஒரு தடவை இறக்குன்னு கத்திடு. உன் குரலுக்குத்தான் எல்லாரும் கத்துவாங்க."

"கத்துறேம்மா. ஆட்டம் முடியட்டும், அடுத்த நிமிஷமே கத்துறேன்."

"முடியறதுக்குள்ள அவர் போயிட்டா?"

ஏலக்காரர் வெண்டைக்காய் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். அன்று அவர் கூறிய விலைகள் எல்லாம் பிசகின.

கடைசி ஆட்டத்தில் எண்பத்தாறாவது நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று. பயிற்சியாளர் பூட்ஸ் அடிப்பாகம் மட்டும் தெரியும் உயரத்தில் இருந்தார். பெஞ்சுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கையின் கையில் கயிற்றின் முடிச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. அதுவும் வழுக்கியது. அவள் அலறவில்லை, திரும்பி கேலரியைப் பார்த்தாள். அத்தனை தலைகளுக்கு நடுவே அண்ணன் தலையை அவள் கண் நேராகக் கண்டுபிடித்தது. ஏலக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே நிமிடம். முப்பது வருடம் கட்டிக்காத்த அணி. "இறக்கு!" என்று அவர் கத்தியது சந்தை வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

பத்தொன்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பதினாலாயிரம் பேரும் சேர்ந்து கத்தினார்கள். யாரை என்று ஒருவரும் சொல்லவில்லை. பத்தொன்பது இடுப்பு வரை மண்ணுக்குள் போனார். பயிற்சியாளர் மெல்ல இறங்கிவந்து, பேச்சு கேட்கும் உயரம் வந்ததும் முதல் வேலையாக, "பின்னால குடு!" என்றார். பழக்க தோஷத்தில் கொடுத்தார்கள். கோல்கீப்பர் அதை எதிர்பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது. பந்து அவர் கால்களுக்கு நடுவே உருண்டு வலைக்குள் போனது. அணியும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

மூன்று மாதம் ஏலக்காரரோடு சந்தையில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கை மட்டும் தினமும் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். பயிற்சியாளரை கிளப் மாற்றவில்லை. புது சீசனின் முதல் ஆட்டம், மூன்றாவது நிமிடமே பந்து பின்னால் போனது. கேலரி முழுக்க ஏலக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார், தொண்டையைச் செருமினார், ஒவ்வொரு சொல்லாக யோசித்து, "பயிற்சியாளர் அவர்கள் தயவுசெய்து விலகுமாறு கேட்டுக்கொள்கிறோம்!" என்று குரல் கொடுத்தார். பதினாலாயிரம் பேரும் தட்டுத்தடுமாறி அதையே சொன்னார்கள்.

பயிற்சியாளர் நின்ற இடத்திலிருந்து இரண்டடி இடப்பக்கமாக விலகினார். பின்வரிசையில் தங்கை கைப்பையை எடுத்துக்கொண்டு, அவருக்கு நேர் பின்னால் வரும்படி ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள்.