சாந்தாமணியம்மாளின் அரை டிகிரி

தம்பிதுரையின் ஃபியட் கார் 1988 கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கோயம்புத்தூர் கம்பளிக்கார வீதியில் நிறுத்தப்பட்டது. அதன் பானெட் 1997 வரை ஆறவில்லை. இன்ஜின் ஓடவில்லை, டேங்கில் பெட்ரோல் இல்லை, பேட்டரியை மூன்றாம் வருடமே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆனாலும் பொள்ளாச்சி வரை போய்த் திரும்பிய வண்டிக்கு எவ்வளவு சூடு இருக்குமோ அவ்வளவு சூடு மழையிலும் பனியிலும் குறையாமல் இருந்தது. நிறுத்திய அன்று தம்பிதுரை உள்ளே வந்து, "ஒரு டீ வை அம்மணி, குடிச்சுப்போட்டுக் கெளம்பிரலாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். டீ கொதிப்பதற்குள் இறந்துபோனார். வயது ஐம்பத்திரண்டு. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக் குடும்பத்தில் பிறந்து, இங்கே வந்து பம்புசெட் பட்டறை வைத்து முன்னுக்கு வந்த மனிதர்.

சூடு ஆறவில்லை என்பதை வீதி மெதுவாகத்தான் கவனித்தது. கவனித்த பிறகு அதை வீணாக்கவில்லை. மார்கழியில் மாவு புளிக்காத வீடுகள் இட்லி மாவுச் சட்டியை இரவோடு இரவாக அந்த பானெட்டின் மேல் வைத்தன. அடைமழை நாட்களில் பள்ளிக்கூடச் சீருடைகள் அதன் மேல் காய்ந்தன. எதிர்வீட்டு ஹபீபுன்னிசா தயிருக்கு உறை ஊற்றி அங்கேதான் வைப்பார். சாந்தாமணியம்மாள் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. தினமும் காலையில் ஈரத்துணியால் காரைத் துடைப்பார், பிறகு உள்ளங்கையைப் பானெட்டில் பதித்துக் கொஞ்ச நேரம் நிற்பார். பட்டறையிலிருந்து வந்து தம்பிதுரை கழற்றிப்போடும் சட்டையில் இருக்கும் சூடும் இதே அளவுதான். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து உடுமலைப்பேட்டைக்கு அனுப்பிவிட்ட வீட்டில் அவருக்கு இருந்த துணை இது ஒன்றுதான்.

1993இல் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பூமி சூடாகிக்கொண்டே போவதாகவும், எல்லா ஊர்களும் அவரவர் பங்கைக் குறைக்க வேண்டும் என்றும், நம் ஊரின் பங்கு ஐந்து வருடத்தில் இரண்டு டிகிரி என்றும் அதில் கண்டிருந்தது. ஃபேன் இல்லாமல் தூங்குகிற ஊர் என்று போகிற இடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டவர்களுக்கு இது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பொறுப்பு என்ஜினியர் வெங்கடபதியிடம் வந்தது. அவருடைய தாத்தா பருத்தி விதைத்தார், அப்பா மில் நடத்தினார், அவருக்கோ தெர்மாமீட்டர்தான் உலகம். ஒரு வருடம் வீதி வீதியாக நடந்து அளந்து, குற்றவாளி ஓடுகிற வண்டியை விட நிற்கிற வண்டிதான் என்று கண்டுபிடித்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஊர் எல்லை வரை வருகிறது, இரண்டு பக்கமும் வரிசையாகக் காய்ந்துகொண்டு நிற்கும் இரும்பைப் பார்க்கிறது, நுழைய இடமில்லாமல் பல்லடம் பக்கம் திரும்பிப் போய்விடுகிறது. இதை அவரே இரண்டு முறை நேரில் பார்த்ததாகக் கோப்பில் எழுதியிருக்கிறார்.

புதிய விதிகள் 1995 சித்திரையில் வந்தன. வீதியில் ஒரு பக்கம் மட்டுமே வண்டி நிற்கலாம். காற்று நுழைகிற மேற்கு முனையை வெறுமையாக விட வேண்டும். ஆறு வண்டி நிற்கும் இடத்தில் ஒன்றை வேப்ப மரத்துக்குக் கொடுக்க வேண்டும். முப்பது நாள் நகராத வண்டி அப்புறப்படுத்தப்படும். வேறு ஊராக இருந்தால் கடையடைப்பு நடந்திருக்கும். இங்கே எதிர்ப்பு இல்லை, ஆனால் எட்டு மாதம் ஒரு வண்டியும் நகரவில்லை. அடுத்தவரைப் பார்த்து வண்டியை எடுங்கள் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. காவலுக்கு நின்றவர்களே, "இருக்கட்டுங்க, மெதுவா எடுங்க" என்று சொல்லிவிட்டு நிழலுக்கு ஒதுங்கினார்கள். கடைசியில் வெங்கடபதி ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்தார். 'ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க' என்று ஆரம்பித்த அந்தச் சீட்டைக் கண்ணாடியில் செருகிய ஒரே வாரத்தில் ஓடக்கூடிய எல்லா வண்டியும் நகர்ந்தது. காற்று ஊருக்குள் வந்தது. ஒன்றரை டிகிரி குறைந்தது. பரணில் கிடந்த போர்வைகளை ஜனங்கள் உதறிப் போட்டார்கள்.

மிச்சம் அரை டிகிரி. அதைத் தேடிக்கொண்டு தெர்மாமீட்டரோடு புறப்பட்ட வெங்கடபதி மூன்றாம் நாள் கம்பளிக்கார வீதிக்கு வந்து, ஃபியட்டின் பானெட்டில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஊர் முழுவதுக்கும் மீதியிருந்த அரை டிகிரி அங்கேதான் இருந்தது. கதவைத் தட்டினார். சாந்தாமணியம்மாள் காபி கொடுத்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க" என்று சொல்லிவிட்டு வெங்கடபதி திரும்பிப் போனார். அப்படிப் பதினோரு முறை வந்தார். அந்தம்மாவிடம் மட்டும் சீட்டைச் செருகக்கூட அவருக்கு மனம் வரவில்லை. கணக்குக் காட்ட வேண்டிய ஐந்து வருடம் முடிய ஒரு வருடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் எதிர்வீட்டில் ஹபீபுன்னிசாவின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மேனியெல்லாம் வேர்க்குரு. இரவில் தூக்கமே இல்லை. ஊரெல்லாம் காற்று வீசியும் இந்த வீதிக்குள் மட்டும் அது வரவில்லை. ஈரத்துணியில் சுற்றிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹபீபுன்னிசா வாசலில் நடப்பதைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று சாந்தாமணியம்மாள் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்கக்கா. வெயில் காலம்னா கொழந்தைக இப்படித்தானுங்க."

அவர் இதைச் சொன்னது மார்கழி மாதம். சாந்தாமணியம்மாள் அன்று சாப்பிடவில்லை. பதினோரு காபிக்கும் காரணம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

பன்னிரண்டாம் முறை வெங்கடபதி வந்தபோது அந்தம்மாவே பேச்சை எடுத்தார்.

"காருக்குத்தானுங்களே வாறீங்க?"

வெங்கடபதி டம்ளரைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"எங்க ஊட்டுக்காரரு பொறந்த ஊட்டுல ஒரு வழக்கமுங்க. ஆம்பளை போயிட்டா, ஒருத்தரு கட்டுத்தறிக்குப் போயி மாடு கன்னுககிட்டயும் அதைச் சொல்லிப்போடோணும். சொல்லலைன்னா அதுக காத்துக்கிட்டே நிக்கும், தண்ணி குடிக்காது. அவரு காரையும் மாட்டைத் தட்டற மாதிரிதான் தட்டிக் குடுப்பாரு. அன்னைக்கும் தட்டிக் குடுத்து, 'இரு கண்ணு, இப்ப வந்தர்றேன்'னுட்டுத்தானுங்க உள்ள வந்தாரு. ஒறம்பரை சனத்துக்கெல்லாம் தந்தி போச்சு. காருக்குச் சொல்லோணும்னு ஒருத்தருக்கும் தோணலீங்க."

"நீங்களும் மறந்துட்டீங்களாங்கம்மா?"

"மத்தவிய மறந்தாங்க. நா மறக்கலீங்க. நாந்தான் சொல்லாம உட்டுப்போட்டேன்."

வெங்கடபதி காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். வீதி முனை வரை அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனதைப் பார்த்தவர்கள் உண்டு.

மறுநாள் காலை சாந்தாமணியம்மாள் வழக்கம்போல் காரைத் துடைத்தார். கை பதித்தார். அந்தச் சூட்டை இன்னும் ஒரு நாள் வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம் என்று அவருக்குத் தோன்றியது. எதிர்வீட்டில் குழந்தை அழுதது. அவர் குனிந்து, மாட்டின் காதில் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொன்னார்.

"கண்ணு, அவரு போயிட்டாரு. இனி வரமாட்டாரு. நீ காத்துக்கிட்டு நிக்க வேண்டாஞ் சாமி."

எட்டு வருடமாக அவர் வாயால் சொல்லாத சொல் அது. காருக்குச் சொல்லும்போது அவருக்கே அது முதல் முறையாகத் தெரிந்த மாதிரி இருந்தது. வீதியில் எல்லோரும் பார்க்க, பானெட்டின் மேல் கவிழ்ந்து அழுதார். உள்ளே இரும்பு ஆறும் சத்தம் டிக் டிக்கென்று மத்தியானம் வரை கேட்டது. கையை அவர் எடுக்கவே இல்லை. ஹபீபுன்னிசா குழந்தையோடு வாசல்படியிலேயே நின்றார், பக்கத்தில் போகத் துணியவில்லை. மூன்று மணிக்குப் பானெட் சிறுவாணித் தண்ணீர்போலச் சில்லென்று ஆகியிருந்தது. மேற்கு முனையிலிருந்து காற்று வந்து ஒவ்வொரு வாசலாக நுழைந்தது. குழந்தை மறுநாள் பத்து மணி வரை தூங்கியது.

லாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு டிகிரியும் குறைந்துவிட்டதாக 1997 தை மாதம் வெங்கடபதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற ஊர்களிலிருந்து அதிகாரிகள் வந்து விதிகளைக் குறித்துக்கொண்டு போனார்கள். கார் நின்ற இடத்தில் ஒரு வேப்பங்கன்று நட்டார்கள்.

சாந்தாமணியம்மாளுக்கு அந்த மூன்று மணியிலிருந்து குளிர ஆரம்பித்தது. எந்த மருந்துக்கும் போர்வைக்கும் அது கேட்கவில்லை. கோடையில் அவர் வீட்டுக் கூடத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடந்தது. முதல் வருடம் வீதி கொஞ்சம் பேசியது, பிறகு விட்டுவிட்டது. சித்திரை வெயிலில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் பால் வாங்க வாசலுக்கு வருவார். அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று, "குளுருதுங்களா?" என்று கேட்பார்கள்.

"ஆமாங்க" என்பார்.