அம்மா சொல்லாத வாக்கியம்

காரில் பைகளை ஏற்றிய பிறகு ரென்ஸ்கே மறுபடி வீட்டுக்குள் ஓடினாள். ஃப்ரிட்ஜில் கடுகு பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டப்பாவைத் திறந்து, ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். மண்ணுக்கடியில் விளையும், போதை தரும் காளான் முடிச்சு. அவர்கள் நாட்டில் கடையிலேயே விற்பார்கள், சட்டம் தடுப்பதில்லை. ஈர மரப்பட்டையின் கசப்போடு அது தொண்டையில் இறங்கியது.

"இப்ப என்னத்த மறந்த?" என்று ஓட்டுநர் இருக்கையில் காத்திருந்த அக்கா ஹெட்விக் கேட்டாள்.

"சாக்ஸ்."

"ஐம்பது வயசாச்சு. இன்னும் உனக்கு சாக்ஸ் எடுத்து வைக்க ஆள் வேணும்."

துளியளவில் எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு நாள் எடுத்தால் இரண்டு நாள் விட வேண்டும். அம்மா போன பிறகு தொடங்கியபோது ரென்ஸ்கேயும் அப்படித்தான் எடுத்தாள். அந்த அளவில் மாயக்காட்சி எதுவும் வராது. காலையில் சைக்கிளில் அலுவலகம் போகும்போது கால்வாய்த் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக மினுங்கும், நெஞ்சில் இருப்பது அரை அடி தள்ளிப் போய் நிற்கும், அவ்வளவுதான். அந்த அரை அடி இல்லாத நாட்களைத் தாங்குவது கடினமாகிவிட்டது. விடுப்பு நாள் இரண்டு ஒன்றாகி, ஒன்றும் இல்லாமல் போனது. கிள்ளும் துண்டும் வளர்ந்துகொண்டே வந்தது.

இப்போது அக்காவும் அவளும் போவது, அதையே பெரிய அளவில் ஒரே முறை எடுக்க வைக்கும் ஒரு பண்ணை வீட்டுக்கு; அங்கிருந்து வழிகாட்டி வுப்போ முன்கூட்டியே போனில் பேசியிருந்தான். "சின்ன அளவுல எடுக்கிற பழக்கம் இருக்கா? இருந்தா இன்னைக்கே நிறுத்திடுங்க. பழகிப்போன உடம்புல பெரிய அளவும் வேலை செய்யாது" என்றான். "இல்லை" என்று சொல்லிவிட்டாள். நிறுத்துவதை நினைத்தாலே பயமாக இருந்தது. அதைவிடப் பயம், பழக்கம் இருக்கிறது என்று இன்னொருவர் காதில் விழச் சொல்வது.

நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது.

"முன்ன துளித்துளியா எடுத்தியே, அத விட்டுட்டதான?" என்றாள் ஹெட்விக்.

"எப்பவோ."

"நல்ல வேளை. பல்வலிக்குத் தினமும் கிராம்பு கடிச்சுக்கிட்டே திரியிற மாதிரி அது. ஒரே நாள்ல உக்காந்து பிடுங்கிட்டு வந்துடணும்."

"பல்லு பிடுங்க ஆறு பேரு ஒண்ணா மெத்தை போட்டுப் படுக்கணுமாக்கும்?"

ஹெட்விக் சிரித்தாள். அவள் பிடுங்க நினைத்த பல் எதுவென்று ரென்ஸ்கேக்குத் தெரியும். நுரையீரல் புற்றுநோய் முற்றியபோது, சட்டப்படி டாக்டர் போடும் ஊசியில் உயிரை விடுவதற்கு அம்மா தானே நாள் குறித்தாள். ஒரு வியாழக்கிழமை. "நாள் பாத்து சாகிறதுக்கு என்னால காபி குடிச்சிட்டு உக்காந்திருக்க முடியாது" என்று ஹெட்விக் தொலைபேசியில் கத்தினாள். வியாழக்கிழமை எல்லோரும் வந்தார்கள். அம்மா கேட்டபடி ஆப்பிள் கேக் வாங்கியிருந்தார்கள். டாக்டர் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். ஹெட்விக் வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமும் வரவில்லை.

பண்ணை வீட்டில் வுப்போ கார் சாவிகளையும் போன்களையும் வாங்கி ஒரு தகர டப்பாவில் போட்டான். வட்டமாக உட்கார்ந்து ஆளாளுக்கு வந்த காரணத்தைச் சொன்னார்கள். துலிப் பயிரிடும் பெர்ட்யான் என்ற பெரிய உடம்புக்காரர், "என் பொண்டாட்டிதான் அனுப்பினா. கடவுளப் பாக்காட்டாலும் பரவாயில்ல, பாத்திரம் கழுவுற ஆளா திரும்பி வான்னா" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அரைத்த காளான் முடிச்சு இஞ்சித் தேநீரோடு வந்தது. கண்களைக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். செல்லோ இசை தொடங்கியது.

ரென்ஸ்கே காத்திருந்தாள். கண்கட்டின் இருட்டில் வண்ணங்கள் லேசாக ஒருமுறை அசைந்து அடங்கின. வழக்கமான காலை நேரத்து மினுமினுப்பு, கொஞ்சம் தடித்த அளவில். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பக்கத்து மெத்தையில் பெர்ட்யான் குழந்தை போல விக்கினார். அந்தப் பக்கம் ஹெட்விக்கின் மூச்சு அறுந்து அறுந்து வந்தது. "அம்மா, அம்மா" என்று சின்ன வயதில் கூப்பிட்ட குரலில் கூப்பிட்டாள். மற்றவர்கள் ஏதோ ஆழத்தில் இருக்க, தான் மட்டும் கரையில் முழு உடையோடு படுத்திருப்பது போல இருந்தது ரென்ஸ்கேக்கு. அடுப்பு மேல் கெட்டில் கொதிப்பதும், வுப்போ சாக்ஸ் காலோடு நடப்பதும் கேட்டன. அவன் அருகே வரும்போதெல்லாம் அவள் மூச்சை ஆழமாக இழுத்துவிட்டாள். ஒருமுறை முனகினாள். முனகியது தன் காதிலேயே விழுந்தபோது முகம் கொதித்தது.

மாலையில் பட்டாணி சூப்புடன் மறுபடி வட்டம் கூடியது. ஹெட்விக்கின் முகம் அழுது கரைந்து, வயது தெரியாத முகமாக இருந்தது.

"நான் அன்னைக்கு வந்தேன்" என்றாள். "யாருக்கும் தெரியாது. ரெண்டு தெரு தள்ளி, சூப்பர்மார்க்கெட் வாசல்ல, கார்லயே உக்காந்திருந்தேன். இறங்க முடியல. இன்னைக்குக் கண்ணக் கட்டிப் படுத்தப்பவும் அங்கயேதான் இருந்தேன். கதவத் தேடித் தேடிப் பாத்தேன், கதவே இல்ல. அம்மா வரவே இல்ல."

ரென்ஸ்கே சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இரண்டு தெரு. அவர்கள் எல்லோரும் மணியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரமும் அக்கா நடந்து வரும் தூரத்தில் இருந்திருக்கிறாள். அடுத்து அவள் பேச வேண்டும். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

"எங்கிட்ட வந்தா" என்று சொல்லிவிட்டாள். "அம்மா. ஜன்னல் பக்கம், அந்த நீலக் கம்பளியோட. 'ஹெட்விக் வராதது நல்லதுதான், அவ வந்திருந்தா எனக்குப் போக மனசு வந்திருக்காது'ன்னா."

ஹெட்விக் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தவழ்ந்து வந்து தங்கையின் மடியில் தலை வைத்து அழுதாள். ரென்ஸ்கே அந்த நரைமுடியைத் தடவிக் கொடுத்தாள். அக்காவுக்காகத்தான் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தாள். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்த வட்டத்தில் ஒன்றும் கிடைக்காதவளாக உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. மடி நனைய நனைய எந்தப் பாதி பெரியது என்று பிரித்துப் பார்க்கவும் துணிவு வரவில்லை.

காலையில் ரொட்டியில் சாக்லேட் தூளைத் தூவியபடி ஹெட்விக், "தூங்கினேன்" என்றாள். "மாத்திரை போடல." பிறகு எல்லோரையும் பார்த்து, "வீட்டுக்குப் போனதும் மொதல்ல என் பொண்ணுகிட்டதான் சொல்லப்போறேன். பாட்டி சாவுக்கு வராதவன்னு என்கூட சரியாவே பேசமாட்டேங்கறா. பாட்டி என்ன சொன்னான்னு அவளுக்கும் தெரியட்டும்."

பெர்ட்யான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரென்ஸ்கே, உனக்குக் கிடைச்சது எல்லாத்தையும்விடப் பெருசு."

அந்த வாக்கியம் இனி வீடு வீடாகப் போகும், பிறந்தநாள் மேசைகளில் காபியோடு பரிமாறப்படும் என்று ரென்ஸ்கேக்குப் புரிந்தது. அவளும் ஒவ்வொரு முறையும் அங்கே உட்கார்ந்து தலையாட்ட வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் வரல" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை.

"நேத்து எனக்கு எதுவுமே வரல. நான் தினமும் எடுக்கறேன். நேத்து காலைல, கிளம்பறதுக்கு முன்னாலகூட. அம்மா சொன்னது... நானாத்தான் சொன்னேன்."

வுப்போ கரண்டியை வைத்தான். "போன்ல கேட்டேனே."

"ஆமா."

"நிறுத்தறது கஷ்டம்னு சொல்லியிருந்தா அதுக்கு வேற வழி பாத்திருக்கலாம். இந்த மெத்தைக்கு ஒருத்தர் மாசக்கணக்கா காத்திருந்தார்." அவன் குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஹெட்விக் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். கையில் கடித்த ரொட்டி இருந்தது.

"அப்ப, அன்னைக்கு அம்மா நெஜமா என்ன சொன்னா?"

"ஹெட்விக், இங்க வேணாம்."

"நேத்து பொய்ய இங்கதான சொன்ன? இதையும் இங்கயே சொல்லு."

இந்த நாளைத் தள்ளிப்போடத்தான் ரென்ஸ்கே காலைதோறும் ஒரு துண்டைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த அரை அடி எங்கும் இல்லை.

"டாக்டர் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமான்னு கேட்டார். அம்மா மணியப் பாத்தா. 'அவ வரமாட்டா, அவளுக்குக் கேக் எடுத்து வைக்க வேணாம்'ன்னா. அப்புறம் ஊசிக்குச் சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டா."

ஹெட்விக்கின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று ரென்ஸ்கேயால் சொல்ல முடியவில்லை.

"இதுதான் அம்மா" என்றாள் ஹெட்விக். "நேத்து நீ சொன்னது அம்மா பேசற மாதிரியே இல்ல. எனக்கு அப்பவே தெரிஞ்சுது. நம்பணும்போல இருந்துது, அதான்."

ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். தன் தட்டைத் தானே கழுவினாள். வுப்போவிடமிருந்து சாவியை வாங்கித் தங்கையின் முன்னால் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

"நீயே ஓட்டு. எனக்கு இன்னும் தலை சரியா நிக்கல."

ரென்ஸ்கே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் கிடந்த பையை எடுத்துக் கீழே வைத்து இடம் செய்தாள். ஹெட்விக் பின்கதவைத் திறந்து, பின்னால் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.