ராடாருக்குப் புதிய தந்தை

உலக அறிவியல் வரலாற்றில் ஒரு சிறு திருத்தம் செய்யப்படுவதை, ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரி, மதுரையின் காலிச் சுவர்கள் அனைத்தின் வாயிலாகவும் மானுடத்துக்கு அறிவித்தது. வருகிற வெள்ளிக்கிழமை, மதிய விருந்துக்குப் பின், கல்லூரித் தாளாளர் நல்லகாமன் 'ராடாரின் தந்தை'யாகப் பொறுப்பேற்கிறார்.

அவர் ஏற்கெனவே கல்வித் தந்தை. கல்லூரி கட்டிய எவரும் அதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் அந்த ரோட்டின் இருபுறமும் கல்வித் தந்தையர் பெருகிவிட்டதால், அவருக்கு வேறொரு பிள்ளை தேவைப்பட்டது.

பிள்ளை அட்டைப்பெட்டியில் வந்தது. புது அரங்கத்துக்கு அவருடைய மைத்துனர் அருள்பாண்டி ஒருவகை பல்பு வாங்கி வந்தார். ஆள் அசைந்தால் எரியும். அசைவில்லை என்றால் தானே அணையும். சுவிட்சே வேண்டாம், கரண்ட் பில்லும் மிச்சம். பெட்டிமேல் 'ராடார்' என்று அச்சிட்டிருந்தது.

"மச்சான், நம்ம பக்கம் எந்தக் காலேஜ்லயும் ராடார் இல்ல" என்றார் அருள்பாண்டி. மீதி தானாக நடந்தது.

விழாவில் ராடாரின் வரலாற்றைச் சொல்லி, அதைத் தாளாளரின் பெயரில் கொண்டுபோய் முடிக்கிற வேலை இயற்பியல் ஆசிரியை தமிழ்வாணிக்கு விழுந்தது. சேர்ந்த நாளிலிருந்து அவர் தற்காலிகம். பேச்சு சரியாக அமைந்தால் வேலை நிரந்தரம் என்று அருள்பாண்டி சொல்லியிருந்தார். அமையாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, தமிழ்வாணியும் கேட்கவில்லை.

"கடைசியில மச்சான் பேரு வரணும், மேடம்."

"வரும் சார். ஆனா நடுவுல நெறயப் பேரு வாராங்க."

"எம்புட்டுப் பேரு?"

"1904லயே ஜெர்மனியில ஒருத்தர், கப்பலும் கப்பலும் முட்டிக்கிடாம இருக்க ஒரு மிஷின் செஞ்சு காமிச்சாரு. கடற்படை வேண்டாம்னுருச்சு. அப்புறம் இங்கிலாந்துல, எதிரி விமானத்தச் சுட்டுப் பொசுக்குற மாதிரி ஒரு கதிர் கெடைக்குமான்னு அரசாங்கம் கேட்டுச்சு. பொசுக்கல்லாம் முடியாது, எங்க வருதுன்னு வேணும்னாச் சொல்றோம்னாங்க விஞ்ஞானிங்க. 1935ல ஒரு வயக்காட்டுல வேனை நிறுத்தி, ரேடியோ ஸ்டேஷன் அலை விமானத்துல பட்டுத் திரும்புறதப் பிடிச்சுக் காமிச்சாங்க. அதே சமயத்துல அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ்..."

"ஒரு பிள்ளைக்கு இம்புட்டு அப்பனா?"

"ஆளாளுக்கு ரகசியமா வச்சிருந்தாங்க சார்."

"ரகசியமா வச்சிருந்தா எப்பிடி அப்பனாகுறது? போஸ்டர் ஒட்டுனவன்தான் அப்பன்."

வெள்ளிக்கிழமை விருந்து மட்டன் பிரியாணி. அரங்கத்துக்கு ஜன்னல் கிடையாது, ஏசி உண்டு. தாளாளரை ரசிப்பதற்கு இடைஞ்சலாக இருக்குமென்று மாணவர்களின் செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். தமிழ்வாணி சுருக்கமாகப் பேசி, "இந்த வரிசையில் இன்று நம் தாளாளரின் பெயரும் சேர்க்கப்படுகிறது" என்று முடித்தார். யார் சேர்க்கிறார்கள் என்று சொல்லாததால் அது பொய்யாகவில்லை. அருள்பாண்டி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நிரந்தரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பிறகு தந்தை பேச எழுந்தார்.

தான் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் வந்து சேர்வதற்குள் கடைசி வரிசைக்கு மேலிருந்த பல்புகள் அணைந்தன. திருமணத்தின்போது நடு வரிசைகள் போயின. கல்லூரிக்கு நிலம் வாங்கிய இடத்தில், பேராசிரியர்கள் அமர்ந்திருந்த முன்வரிசையும் இருண்டது. கையை வீசி வீசிப் பேசியதால் அவர் தலைக்கு மேலிருந்த பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இருட்டைக் கவனித்தவர் பேச்சை நிறுத்தி, அசையாமல் நின்று முறைத்தார். அதுவும் அணைந்தது.

இருட்டில் அருள்பாண்டியின் குரல் கேட்டது: "மச்சான், கரண்டு இருக்கு! ஏசி ஓடுது!"

"அப்ப ஏம்மா தமிழ்வாணி, ராடாரு கெட்டுப்போச்சா?" என்றது மைக்.

கெட்டுவிட்டது என்றால், பிள்ளை பிறந்த அன்றே ஊனம் என்று தந்தையிடம் மேடையில் சொல்வதாகும். கெடவில்லை என்றால், அரங்கத்தில் ஒருவர்கூட விழித்திருக்கவில்லை என்று சொல்வதாகும். எங்கோ ஒரு குறட்டை உதவிக்கு வந்தது.

"இல்ல சார். ரொம்ப நல்லா வேலை செய்யுது."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று நல்லகாமன் இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவர் தலைக்கு மேல் பல்பு பளிச்சென்று எரிந்தது. "நல்லா வேலை செய்யுதாம்!" அந்த ஒற்றை வெளிச்சத்தில் அவர் நிலம் வாங்கிய கதையைத் தொடர்ந்தார். அவர் மனம் குளிர்ந்திருந்ததால், முடிவில் தமிழ்வாணியின் வேலை நிரந்தரமானது என்று அந்த இருட்டுக்கே அறிவித்தார்.

திங்கட்கிழமை அரங்கத்தில் சுவிட்ச் வைத்தார்கள்.