புன்சோங்கின் ஈரச் சட்டை

என் வீட்டுக்காரர் புன்சோங் வாயிலிருந்து சீவாளியை எடுத்தபோது உதட்டுத் தோலும் உரிந்து வந்தது. பனையோலைச் சீவாளி எச்சிலில் ஊறினால்தான் பேசும். அரைமணி நேரம் கன்னத்தில் அடக்கியும் அது சருகாகவே கிடந்தது. இரண்டு வாரமாக இதே கூத்து. நாளை மாலை நான்கு மணிக்குக் கோராட் நகரக் குத்துச்சண்டைக் கூடத்தில் பெரிய ஆட்டம். இவர் ஊதும் குழல் ஒலிக்காமல் எந்த வீரனும் சண்டைக்கு முன் குருவணக்கம் ஆடமாட்டான். "முடியலன்னா சொல்லிடுங்க, ரெக்கார்டு போட்டுக்கிறோம்" என்று கூடத்து மேலாளர் வேறு சொல்லியிருந்தார்.

"தண்ணில நனைச்சு ஊதுங்களேன்" என்றேன்.

"ரெண்டு நிமிஷத்துல காஞ்சிடுது. வயசாயிடுச்சு லம்துவான், அவ்ளோதான் நம்ம எச்சி ஊத்து."

ஐம்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா? முப்பது வருஷமாக நான் திட்டித் தீர்த்த எச்சில் அது. ஊதிவிட்டு வந்தால் சட்டை மார்பெல்லாம் கறையாக இருக்கும், துவைத்துத் துவைத்து என் கைதான் தேய்ந்தது. அதுவா வற்றும்? கையைப் பிடித்து மருந்துக்கடைக்கு இழுத்துப் போனேன்.

"என்ன மாத்திரை போடுறீங்கண்ணே?" என்றாள் கடைக்கார விபா.

அவர் பையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. சளிக்கென்று மளிகைக்கடையில் கட்டிக் கொடுப்பார்களே, நாலு நிறத்தில், பெயரில்லாமல், அதுதான். சளி நின்ற பிறகும், ஊதும்போது மூக்கு ஒழுகிவிடக் கூடாதென்று தினமும் மூன்று வேளை விழுங்கியிருக்கிறார்!

விபா மஞ்சளையும் வெள்ளையையும் ஒதுக்கினாள். "பேரில்லாததால உறுதியா சொல்ல முடியாது. ஆனா இது சளியை உலர்த்துறது, இது வயித்துவலிக்குன்னு நினைக்கிறேன். எச்சில் சுரப்பியில அழைப்பு மணி மாதிரி ஒண்ணு இருக்கு. நரம்பு அதை அமுக்கினாத்தான் சுரக்கும். இந்த ரெண்டும் மணியைப் பொத்திக்கிட்டு உக்காந்துக்கும். மூக்கோட மணி, வாயோட மணின்னு பிரிச்சுப் பாக்காது."

"அப்போ என் சுரப்பி சாகலையாம்மா?" என்றார் அவர்.

"நிறுத்திப் பாருங்க, பொத்தின கை தானா விலகும். நாளைக்குள்ள விலகுமான்னு மட்டும் கேக்காதீங்க."

வாசலுக்கு வந்ததும், "அறிவுகெட்ட மனுஷா, அவ்ளோதான் ஊத்துன்னீங்களே!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்று.

பொட்டலத்தை அன்றே குப்பையில் போட்டோம். மறுநாள் கூடத்துக்குள் போகுமுன், நான் விற்கும் புளிப்பு மாங்காயில் ஒரு கீற்றை அவர் வாயில் திணித்தேன். மேளக்காரர்கள் தயாரானார்கள். முதல் சுவரம் கீறலாக வந்தது. மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவதும் கீறியது. மூன்றாவது நீண்டது, நீண்டுகொண்டே போனது. சண்டை மேடையில் வீரன் குருவணக்கத்துக்கு மண்டியிட்டான்.

நான் அவனைப் பார்க்கவில்லை. இவர் மேல் காலையில்தான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு ஈரம் விழுந்து, மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.