ஆறுமுகத்தாயின் பத்தி

காசி எழுதி வாசிக்கும் வாழ்த்துப்பாவைக் கேட்காமல் தாலி கட்டிய மாப்பிள்ளை அந்தக் காலத்துச் சங்கரன்கோவிலில் ஒரே ஒருவர்தான். அவரும் ஓடிப்போய்க் கல்யாணம் செய்தவர்.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், மருதப்பன் கல்யாணத்துக்குக் காசி எட்டெட்டு வரியில் நான்கு பத்தி எழுதினார். முதல் பத்தி ஊருக்கு. இரண்டாவது, வயலில் பாடுபட்ட மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. மூன்றாவது, பெண்ணின் தாய் ஆறுமுகத்தாய்க்கு. இருபது வயதில் புருஷனைப் பறிகொடுத்து, தறி நெய்து மகள் தங்கத்தாயைப் படிக்கவைத்தவள். எந்தக் கல்யாணத்திலும் அவளை யாரும் முன்னால் அழைத்ததில்லை. நான்காவது மணமக்களுக்கு.

பாட்டில் யார் பேரையும் சொல்லமாட்டார் காசி. செய்த வேலையைச் சொன்னாலே ஆள் தெரியவேண்டும். ஒரு பத்தியை முடித்து அவர் நிறுத்தியதும் தவில்காரர் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தப் பத்திக்கு உரியவரை ஜனம் திரும்பிப் பார்க்கும். அதுதான் வழக்கம்.

அச்சாபீசில், வாழ்த்துத் தாளின் அடியில் போடும் ‘வாழ்த்தும் நண்பர்கள்’ பட்டியல் நீண்டுகொண்டே போனது.

“அண்ணாச்சி, நாப்பத்தொரு பேரு ஆச்சு. தாளுல எடம் இல்ல” என்றாள் எழுத்துக் கோக்கும் சீனியம்மாள். “பேர வெட்டவா, பத்திக்கு நடுவுல கெடக்க எடத்த எடுக்கவா?”

“பேர வெட்டுனா நான் ரதவீதியில நடமாட முடியுமா? எடத்த எடு. அதுல என்ன எழுதியா இருக்கு?” என்றார் காசி.

மண்டபத்தில் காசி வாசிக்க ஆரம்பித்தார். வெள்ளை இடம் கண்டால் நின்று பழகிய கண். அது இல்லாததால் நிற்கவே இல்லை. தவில்காரர் ஓங்கிய குச்சியில் காக்கை ஒன்று வந்து உட்கார்ந்து, அலுத்துப்போய்ப் பறந்தது. இளையரசனேந்தல் மாமா ஒருவர் அந்த ஒரே மூச்சுக்குள் பஸ் ஏறி ஊருக்குப் போய், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார். மாட்டைக் கேட்டாலும் சொல்லும்.

வாசித்து முடித்ததும் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “ஏலே மருதப்பா, ஒங்க அய்யா எப்பம்லே தறி நெய்தாரு?”

மாப்பிள்ளையின் அப்பா மறுக்கவில்லை. வந்த புகழைத் திருப்பி அனுப்புகிற ஆள் இல்லை அவர்.

தன் பத்தி வரும் என்று காலையிலிருந்து காத்திருந்த ஆறுமுகத்தாய், தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். காசி அதைப் பார்த்துவிட்டார். அவருக்கு இரைத்தது; பத்தி எங்கே பிரிகிறது என்று தேடினால் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது.

“எட்டு எட்டு வரியா கிழிங்க அண்ணாச்சி!” சீனியம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து கத்தினாள். “கோத்தவ சொல்லுதேன்!”

காசி தாளை நான்காகக் கிழித்தார். முதல் துண்டை வாசித்து நிறுத்தினார். தவில் ஒரு தட்டு. இரண்டாவது துண்டு, இன்னொரு தட்டு. மூன்றாவதை அவர் எடுப்பதற்குள் மணவறையிலிருந்து ஒரு கை நீண்டது.

“அத இங்க தாங்க மாமா. நான் வாசிக்கேன்.”

தங்கத்தாய் எழுந்து நின்று, மாலை கசங்க, படித்த பிள்ளைக்குரிய தெளிவோடு வாசித்தாள்.

“தறிபிடித்த கையிரண்டும் தந்தையுமாய் ஆனதுவே...”

எட்டாவது வரியில் நிறுத்தினாள். தவில்காரர் போட்ட தட்டு திருவேங்கடம் ஊர் வரை கேட்டது. அங்கே மழை என்று நினைத்து வற்றலை அள்ளி உள்ளே வைத்தார்கள்.

மண்டபம் மொத்தமும் தூணைத் திரும்பிப் பார்த்தது. ஆறுமுகத்தாய் வெளியே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலை குனியாமல் நடந்து, முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

காசி கையில் நான்காவது துண்டு இருந்தது. முகூர்த்தம் நெருங்குகிறது என்று யாரோ சைகை காட்டினார்கள். ஜனம் பார்த்து முடிக்கட்டும் என்று அவர் வாயைத் திறக்காமல் நின்றார்.