எட்டாம் எண்ணிக்கையின் நீளம்

நான் மிருதங்கம் வாசித்தால் கூடத்து மின்விசிறி தாளத்துக்குச் சுற்றும். ஒருமுறை மின்சாரம் போன பிறகும், நான் முடிக்கும்வரை சுற்றிவிட்டுத்தான் நின்றது. நம்பாதவர்களோடு நான் வாதாடுவதில்லை.

அப்படிப்பட்ட கையைக் கணினிக்குக் கற்பிக்கப்போவதாக மருமகள் சொன்னபோது, அது தாங்குமா என்றுதான் கவலைப்பட்டேன். அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். என் வாசிப்பையும், பக்கத்தில் அண்ணன் கையால் போட்ட தாளத்தையும் தனித்தனி மைக்கில் பதிந்தாள். அண்ணன் பாடகர், நான் மேடையேறிய நாளிலிருந்து அவருக்குத்தான் வாசிக்கிறேன். தா, தொம் என்று மிருதங்கத்தின் எந்தச் சொல் தாளத்தில் எங்கே விழுகிறது என்று கணினி கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக வாசிக்க வேண்டும். அதுதான் திட்டம்.

துறைத்தலைவர் முன்னால் ஓட்டிக்காட்டும் நாள் வந்தது. அண்ணனும் நானும் சம்பந்தி வீட்டார் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தோம்.

கணினி வாசித்தது. நாதம் சாட்சாத் என்னுடையதே. துறைத்தலைவர் விவரம் தெரிந்தவர். மேசைமேல் தாளம் போட்டார். கடைசியில் தீர்மானம். ஒரே கோர்வையை மும்முறை வாசித்து, எட்டு எண்ணிக்கை முடிந்து அடுத்த சுற்றின் முதல் தட்டில் வந்து விழ வேண்டும். அவர் கை விழுந்தது. மிருதங்கம், வாசலில் செருப்பைத் தேடிவிட்டு வருகிறவன் மாதிரி, கொஞ்சம் பொறுத்து வந்து சேர்ந்தது.

"என்னம்மா இது? எட்டாவது எண்ணிக்கை மட்டும் ரப்பர் மாதிரி இழுக்குது?"

"நிரல்ல பிழை இருக்கு சார். பாத்துடறேன்."

"போன மாசமும் இதத்தான் சொன்னே. தாளமே தெரியாத மெஷினை வச்சுக்கிட்டு என்ன செய்ய? திட்டத்த வேற யார்கிட்டயாவது குடுத்துடலாம்."

மருமகளின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் என் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. அண்ணனின் காதருகே குனிந்தேன்.

"அண்ணா, மெஷின் கத்துக்கிட்டது உங்க தாளத்த வச்சுத்தானே? எட்டுல இழுத்தீங்களா?"

"நான் எங்கடா இழுத்தேன்? நீ வர்ற வரைக்கும் நிறுத்திவச்சேன்."

"எப்பவுமா?"

"தீர்மானம் வந்தா மட்டும். விடுடா, நாலு பேர் முன்னாடி."

"அவளுக்குத் தெரியுமா?"

"வேற ஆளை வச்சுப் பதிஞ்சுக்கோன்னு சொன்னேன். மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சா."

எழுந்தேன்.

"சார், தப்பு நிரல்ல இல்ல. என் கையில."

அவர் சிரித்தார். "மருமகளுக்காகப் பழி ஏத்துக்கற மாமனாரை இப்பதான் பாக்கறேன்."

"நம்ப வேண்டாம். மெஷினே டிக் டிக்னு தாளம் போடட்டும். நான் வாசிக்கறேன்."

மிருதங்கத்தோடு தரையில் உட்கார்ந்தேன். வாழ்நாளில் முதல்முறையாக, பிசக வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு வாசித்தேன். பாழாய்ப்போன கை இன்றைக்கென்று சரியாக விழுந்து தொலைத்தால்? வீண் பயம். மெஷினின் தட்டு முன்னால் போய்விட்டது. பின்னாலேயே நான் போய்ச் சேர்ந்தேன். திரையில் பிசகைக் காட்டும் சிவப்புக் கோடு.

"இன்னொரு தடவை" என்றார் துறைத்தலைவர், சிரிக்காமல்.

வாசித்தேன். மெஷின் யாருக்காகவும் நிற்கவில்லை. அண்ணனின் கை மட்டும், யாரும் கேட்காமலே, தொடைக்குமேல் அந்தரத்தில் எனக்காக நின்றது. அறையில் எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள்.

"வேற ஆளை வச்சுப் பதிஞ்சுடும்மா. திட்டம் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அவர், மெதுவாக.

நான் மிருதங்கத்தின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை.